லோசாவின் இடது பக்கம்

வைதோலோ, சவாயி தீவு
8 மார்ச் 2010

அன்புள்ள மெரீதா அக்காவுக்கும், தலைநகரத்தில் அக்கா உட்காரும் மேஜைக்கும், மேஜைமேல் இருக்கும் ரப்பர் முத்திரைக்கும்,

உன் தம்பி பெசமினோ எழுதுவது. போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போதகர் வீட்டுக்குப் போன் போட்டுப் பன்றி மாதிரி உறுமினேன். மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வேலியைப் பார்க்க ஓடினார். அப்பா போனைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். உறுமல் நன்றாகத்தான் இருந்தது அக்கா. போதகரின் பன்றியே திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி.

விஷயத்துக்கு வருகிறேன். போன செப்டம்பரில் நம் நாடு ஒரே காலையில் ரோட்டின் வலது பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கத்துக்கு மாறியதே, அதில் கார்கள் மாறிவிட்டன, நாய்கள்கூட மாறிவிட்டன. தானியேலு மாமாவின் பஸ் மட்டும் பாதிதான் மாறியிருக்கிறது. ஓடுவது இடது பக்கம், கதவு வலது பக்கம். அதாவது பஸ் ஓரமாக ஒதுங்கி நிற்கும், கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நம் முச்சந்தியில் பொத்து பொத்தென்று நடுரோட்டில் விழுகிறார்கள், பழுத்த ஈரப்பலா மாதிரி. மத்தியானக் கப்பலைப் பிடிக்கக் கார்கள் பறந்து வருவதும் அதே நேரம்தான். நிற்கிற பஸ்ஸைத் தாண்டக் கார்க்காரன் எந்தப் பக்கம் வருவான்? பிள்ளை இறங்குகிற பக்கம்.

வெள்ளிக்கிழமை நம் லூபே இறங்கினாள். ஒரு பிக்கப் அவள் முதுகுப் பையை உரசிக்கொண்டு போனது. பை சுழன்றது, பையோடு அவளும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். "அண்ணா, பாத்தியா, நான் பம்பரம்!" என்று சிரிக்கிறாள். ஏழு வயசுத் தங்கைக்கு அது விளையாட்டு. நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காத நாட்களும் உண்டு அக்கா, நம்பு.

இதே முச்சந்தியில் போதகரின் பன்றி குறுக்கே போனால் எல்லாரும் நிறுத்துகிறார்கள். பன்றியை அடித்தால் சொந்தக்காரன் விடமாட்டான் என்று தெரியும். பன்றிக்கு பிரேக் போடுகிறார்கள், பிள்ளைக்கு ஹாரன் போடுகிறார்கள்.

நீ சாலை ஆபீசில் இருக்கிறாய். எங்களுக்கு வேண்டியது ஒரு வேகத்தடை, ஒரு எச்சரிக்கைப் பலகை. வேகத்தடை இல்லையென்றால் பத்துப் பன்றிகள் அனுப்பு.

உன் தம்பி
பெசமினோ

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் துறைமுகத் தபால்பெட்டி வரை கொண்டு போவதும் தானியேலு மாமாதான். மாமா, பிரித்துப் படித்தால் உங்கள் டயருக்கு நான் பொறுப்பில்லை.

*

ஆப்பியா
22 மார்ச் 2010

டேய் பெசமினோ,

போதகரிடம் மன்னிப்புக் கேட்டாயா? கேட்டேன் என்று எழுதாதே, கேட்டுவிட்டு எழுது.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துத்தான் பிரித்தேன். பன்றி வரியில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி என்னவென்று கேட்டாள். லூபேயின் பை சுற்றிய இடத்தைப் படித்த பிறகு கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

நான் இங்கே வரும் கடிதங்களைப் பிரிக்கிறவள். எண் போட்டுக் கோப்பில் சேர்க்கிறவள். வேகத்தடை போடுகிறவள் இல்லை. என் முத்திரையைப் பார்த்து நீ மயங்க வேண்டாம், அதில் தேதி மட்டும்தான் இருக்கிறது. ஊர்ச் சபை கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் ஒன்று வந்தால் துணை இயக்குநர் மேஜைக்கு அதை நகர்த்துவேன். அதற்குமேல் அது தானாக நகர வேண்டும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. மற்ற பஸ்காரர்கள் இடது பக்கம் வெட்டிக் கதவு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாமா கையிலேயே தச்சுவேலை இருக்கிறது. அவர் ஏன் செய்யவில்லை? கேள். மரியாதையாகக் கேள். அவர் அம்மாவின் அண்ணன், உன் சேக்காளி இல்லை.

லூபேயைப் பஸ்ஸிலிருந்து நீ போய்க் கையைப் பிடித்து இறக்கு. அதற்கு எந்த ஆபீசும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அக்கா

*

வைதோலோ
19 ஏப்ரல் 2010

அக்கா,

தினமும் போய்ப் பிடிக்கிறேன். ஆனால் என் பள்ளிக்கூடம் அவள் பள்ளிக்கூடத்துக்கு அப்புறம்தான் விடும். பாதி நாள் நான் ஓடி வருவதற்குள் மாமாவின் பஸ் லோசா போய்விடுகிறது, லூபே ரோட்டோரத்தில் நின்று எனக்கு நாக்கைத் துருத்துகிறாள்.

மாமாவிடம் மரியாதையாகக் கேட்டேன். பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, கதவ எப்ப மாத்தப் போறீங்க?"

"எங்கடா மாத்தறது?"

"இடது பக்கம்."

"இடது பக்கம் யாரு இருக்கா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உனக்கும் இப்போது ஞாபகம் வந்திருக்கும். மாமா சீட்டுக்குப் பின்னாலேயே, வெளிப்பக்கப் பலகையில், லோசா அத்தை. சிவப்பு உடை, காதில் வெள்ளைப் பூ, கையில் விசிறி. அத்தை இறந்த வருஷமே மாமா வரையச் சொன்ன படம். லேசாக மாறுகண் விழுந்திருக்கும். அத்தைக்கு அப்படிக் கிடையாது, ஓவியனுக்கு இருந்திருக்கலாம். பஸ்ஸுக்குப் பெயரே லோசா. அவர் முதலில் துடைப்பது அந்த முகத்தைத்தான், கண்ணாடியைக்கூட அப்புறம்தான்.

"பின்னாடி கடைசில வெக்கலாமே மாமா?"

"கடைசில வெச்சா யாரு எறங்கறா, யாரு விழறான்னு எனக்குத் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத எடத்துல பிள்ளைய எறக்கமாட்டேன்."

"நடுரோட்டுல எறக்குவீங்களா?"

"டேய். இவ மூஞ்சியில ரம்பம் வெக்கணும். நீ வெப்பியா? இந்தா, புடி." ரம்பத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

நான் வாங்கவில்லை. மூன்று வருஷமாக இந்த அத்தைக்குக் கையாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். நான் எப்படி அறுப்பது?

அதனால் முழு நம்பிக்கையும் உங்கள் ஆபீஸ் மேல்தான். விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களான மதாய்கள் எல்லாரும் கூடிக் காவா வேர்ச்சாறு குடித்து, பேசி, மறுபடி குடித்து, போதகர் ஜெபித்து, கடைசியில் தலைவர் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் இருக்கும் பழுப்புக் கறை காவா. அதையும் ஒரு முத்திரையாக எடுத்துக்கொள்.

பெசமினோ

*

ஆப்பியா
17 மே 2010

பெசமினோ,

நகர்ந்துவிட்டது! துணை இயக்குநர், "வைதோலோவா? அது எங்க இருக்கு?" என்றார். "கப்பலுக்கு லேட்டாப் போனா நீங்க வேகமாத் தாண்டற ஊர் சார்" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சவாயியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு சர்வேக்காரர் வருவார். எத்தனை வண்டி, என்ன வேகம், எத்தனை பேர் ரோட்டைக் கடக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவார். அவர் எழுதுவதுதான் எல்லாம். ஆகையால் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்: அவர் நாற்காலியில் பசை தடவாதே. தொப்பியில் தவளை வைக்காதே. பிள்ளைகளை இரண்டு தடவை இறங்கி ஏறச் சொல்லாதே. டீ கொடு, பள்ளிக்கூடம் விடும் நேரத்தைச் சொல், தள்ளி நில்.

அக்கா

*

வைதோலோ
31 மே 2010

அக்கா,

நான் ஒன்றும் செய்யவில்லை. இந்த ஒரு வரியைத் தனியாக வெட்டிச் சட்டம் போட்டு மாட்டு. நான் ஒன்றும் செய்யாமலே இவ்வளவு பெரிய வேடிக்கை நடக்கும் என்றால், இத்தனை வருஷம் நான் எதற்கு உழைத்தேன்?

சர்வேக்காரர் காலைக் கப்பலில் வர வேண்டியவர். கடல் சரியில்லை, கப்பல் தாமதம். அவர் வந்து இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. வெள்ளைத் தொப்பி, மடக்கு நாற்காலி, கையில் அட்டை. முச்சந்தியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

சங்கு ஊதியது.

ஆமாம் அக்கா. சா நேரம்! கூட்டுஜெபத்துக்காக ஊரே அடங்குகிற நேரத்தில் வண்டி எண்ண உட்கார்ந்திருக்கிறார் மனிதர். நம் இளவட்டங்கள் இடுப்பில் லாவாலாவா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றுவிட்டார்கள். இரண்டு கார் வந்தது, ஊருக்கு வெளியேயே நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டார்கள். நடமாட்டம் இல்லை, குரைப்பு இல்லை. வீட்டுக்கு வீடு பாட்டு மட்டும்.

நான் குனிந்துபோய் அவர் காதில் சொன்னேன்: "சார், இது சா. இப்ப எதுவும் ஓடாது. நாளைக்கு மத்தியானம் பஸ் வர்றப்ப பாருங்க சார்."

"நாளைக்கு நான் தீவோட அந்தக் கோடியில இருக்கற ஊர்ல இருக்கணும் தம்பி."

"அப்ப சா முடிஞ்சதும்?"

"முடிஞ்சா இருட்டிடும்."

பக்கத்தில் நின்ற இளவட்டம் ஒருவன், "ஷ்! ரெண்டு பேரும் தலையக் குனிங்க" என்றான். குனிந்தோம். அவர் குனிந்தபடியே ஏதோ எழுதினார். அது ஒரு வட்டம் மாதிரி எனக்குத் தெரிந்தது. முட்டையாக இருக்கக் கூடாது என்று நானும் ஜெபித்தேன்.

டீ கொடுத்தேன். சர்க்கரைதான் போட்டேன், உப்பு இல்லை.

பெசமினோ

*

ஆப்பியா
18 ஜூன் 2010

பெசமினோ,

அது முட்டைதான். அறிக்கை வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்:

"கவனித்த நேரத்தில் சந்திப்பை எந்த வாகனமும் கடக்கவில்லை. பாதசாரிகள் எவரும் இல்லை. ஒலி இல்லை. சுற்றுப்புறம் மிகவும் அமைதியானது. வேகத்தடையோ பலகையோ தேவைப்படவில்லை."

நான் சர்வேக்காரர் அறைக்கே போனேன். "சார், நீங்க பாத்தது சா நேரம். நீங்களும் நம்ம ஆளுதானே, உங்க ஊர்லயும் சா உண்டுதானே?" என்றேன். "உண்டும்மா. ஆனா கவனிச்ச நேரம்னு அறிக்கையில ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் நின்ன நேரத்தத்தான் எழுத முடியும்" என்றார். நல்ல மனிதர். டீ நன்றாக இருந்தது என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

மறு சர்வே அடுத்த வருஷம். துணை இயக்குநர் ஓரத்தில் "அமைதியான ஊர், பாராட்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கு எண் போட்டுக் கோப்பில் சேர்த்தது நான்தான்.

கோபத்தில் எதையும் செய்து வைக்காதே. நான் வேறு வழி பார்க்கிறேன்.

அக்கா

*

வைதோலோ
2 ஜூலை 2010

அக்கா,

நீ பார்க்கும் வேறு வழி வருவதற்குள் லூபேக்குக் கல்யாணம் ஆகிவிடும். அதனால் நானே ஒரு வழி பார்த்தேன்.

உன் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வண்டி இல்லை, ஒலி இல்லை, அமைதி. நம் முச்சந்தியில் யாரும் சாகாமல் போகக்கூடிய ஒரே நேரம் சா நேரம்தான். சரி, அந்த நேரம் ஏன் சாயங்காலம் மட்டும் வர வேண்டும்?

நேற்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். சங்கு சபைக்கூடத்துத் தூணில்தான் தொங்குகிறது என்பது ஊருக்கே தெரியும். அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் நின்றேன். தூரத்தில் லோசாவின் பாட்டுச் சத்தம் கேட்டது. மாமா பஸ்ஸில் பாட்டு வைத்தால் பஸ்ஸுக்கு முன்னால் பாட்டு வந்துசேரும். ஊதினேன்.

அடடா அக்கா! நீ பார்த்திருக்க வேண்டும். மத்தியானம் உச்சி வெயிலில் ஊரே உட்கார்ந்துவிட்டது. கடைக்காரி ஜன்னலைச் சாத்தினாள். களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே தலையைக் குனிந்தார்கள். போதகர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து சூரியனை அண்ணாந்து பார்த்தார், சூரியன்தான் தவறு செய்ததுபோல. இளவட்டங்கள் பாதி லாவாலாவாவோடு ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். கப்பலுக்குப் பறந்து வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முச்சந்தி மூச்சு விடவில்லை.

லோசா நின்றது. நடுரோட்டில் கதவு திறந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள், ஒருவர்பின் ஒருவராக, அவசரமே இல்லாமல். நம் லூபே நடுரோட்டில் நின்று ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, துடைத்து, பார்த்து, பிடிக்காமல் போட்டுவிட்டு வேறு ஒன்றை எடுத்தாள். நான்கு மாதமாக நான் கேட்டது இது ஒன்றுதான் அக்கா, அவள் ஒரு கல் பொறுக்கும் நேரம்.

அப்புறம் நடந்ததை அம்மா உனக்குக் கடைக்காரியின் போனில் சொல்லியிருப்பாள்.

பெசமினோ

*

ஆப்பியா
9 ஜூலை 2010

பெசமினோ,

அம்மா சொன்னாள், அழுதுகொண்டே. சா ஜெபத்தைக் கேலி செய்தாய் என்று சபை கூடியது. அப்பா எல்லார் முன்னாலும் தரையில் உட்கார்ந்து தலை குனிந்தார். பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறில் லூபேயின் விருந்துக்கு வளர்த்த பெண்பன்றி தண்டத்துக்குப் போனது, கூடவே டின் மீன் பெட்டிகள். உனக்கு ஆறு மாதம் கோயில் தோட்டத்தில் களை. உனக்கு அது போதாது.

அன்று நின்ற முதல் கார் யாருடையது தெரியுமா? எங்கள் துணை இயக்குநருடையது. சவாயியில் ஒரு சாவு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் இப்படி ஒரு மத்தியான வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, பக்தியோடு கண்ணை மூடி ஜெபித்தாராம். கண்ணைத் திறந்தபோது கப்பல் போய்விட்டது. மூடியிருந்த கண்ணுக்குப் பிள்ளைகள் எப்படித் தெரிவார்கள்?

ஒரு பலகைக்கு நகராத காகிதம் இதற்குப் பறந்தது. "பொதுச்சாலையில் அனுமதியின்றிச் சங்கு முதலியவற்றால் வாகனங்களை நிறுத்துவது பற்றி" ஒரு சுற்றறிக்கை, ஒரே வாரத்தில். அதைத் தட்டச்சு செய்தது யார் என்று நினைக்கிறாய்? வைதோலோ என்ற பெயரைப் பார்த்தாலே இனி அந்தக் கோப்பை யாரும் தொடமாட்டார்கள். உன் ஒரு ஊதலில் என் நான்கு மாத வேலை போயிற்று.

நீ ஊதியபோது சிரித்தாய்தானே? எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். எனக்கு இனி எழுதாதே.

மெரீதா

*

வைதோலோ
12 ஆகஸ்ட் 2010

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை லோசா முச்சந்தியில் நின்றது. லூபே இறங்கினாள். ஒரு பிக்கப் பஸ்ஸைத் தாண்டியது. நான் எதிர்ப்பக்கம் கோயில் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கையைக் காட்டி நில் என்றேன். அவள் நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஓடி வந்தாள்.

அவளை விமானத்தில் உன் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அம்மா உன்னோடுதான் இருப்பாள். கண் திறந்தாளா? அப்பா போனைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார், ஆனால் அது அவர் கையிலேயே இருக்கிறது. என்னால் அவரிடம் கேட்க முடியவில்லை.

கண் திறந்தாளா அக்கா?

பெசமினோ

*

ஆப்பியா
16 ஆகஸ்ட் 2010

தம்பி,

திறந்தாள். அப்பாவுக்குப் போன் பண்ணிவிட்டோம், இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நீ என்னிடம் கேட்டாய், அதனால் நான் எழுதுகிறேன். இரண்டு நாள் தூங்கினாள். முதலில் கேட்டது, "என் பை எங்க?" தொடை எலும்பு முறிந்திருக்கிறது, இடுப்பு வரை கட்டு. தலையில் பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். ஊதாக் கலர் பேனா வாங்கிக் கொடுத்தேன், கட்டு முழுக்கப் பன்றி வரைந்து வைத்திருக்கிறாள்.

நீ காட்டிய கையைப் பற்றி அவளிடம் கேட்டேன். "அண்ணன் நில்லுன்னுதான் சொன்னான். எனக்குத்தான் அவன்கிட்ட சீக்கிரம் போகணும்" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அவள் பை என்னிடம்தான் இருந்தது. குறுக்கே டயர் தடம். இன்று காலை அதைக் கொண்டுபோய்த் துணை இயக்குநர் மேஜையில், அந்தச் சுற்றறிக்கையின் மேல் வைத்தேன். "இது என்னம்மா?" என்றார். "அமைதியான ஊர்லேர்ந்து வந்திருக்கு சார்" என்றேன். அவர் பையைத் திருப்பித் தடத்தைப் பார்த்தார். பலகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வேகத்தடை பிறகு பார்க்கலாமாம்.

சாப்பிடு. அப்பாவையும் சாப்பிடச் சொல்.

அக்கா

*

வைதோலோ
30 ஆகஸ்ட் 2010

அக்கா,

இதை அப்பா போனில் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார்.

போன சனிக்கிழமை விடிந்தபோது நம் வீட்டு முன்னால் புல்லில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிக்கப் ஓட்டியவனும் அவன் குடும்பமும். தலைக்குமேல் பெரிய சன்னப் பாய்கள் போர்த்தி, குனிந்து, சத்தமில்லாமல். எனக்கு அவர்கள்மேல் கல்லெறிய வேண்டும்போல் இருந்தது. அப்பா வெளியே வரவில்லை. வெயில் ஏறியது. பாய்க்குள் ஒரு கைக்குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. கடைசியில் அப்பா எழுந்து போய்ப் பாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். தூக்கிவிட்டால் மன்னித்தாயிற்று, உனக்குத் தெரியும்.

கடைசிப் பாயின் கீழே தானியேலு மாமா இருந்தார்.

அவர்களோடு வரிசையாக, தனியாக ஒரு பாயைப் போர்த்திக்கொண்டு. அது அத்தையின் கல்யாணப் பாய். அப்பா ஆடிப்போய்விட்டார்.

"மச்சான், நீங்க ஏன் இங்க? நீங்க எங்க ஆளு. எந்திரிங்க."

"எறக்கிவிட்டது நான்" என்றார் மாமா. "அவன் அடிச்சான். எறக்கிவிட்டது நான்."

அப்பா அவர் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். மாமா எழுந்திருக்கவே இல்லை. அப்பாவும் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மாமா என்னைப் பார்த்து, "டேய், வா. பலகையைப் புடிச்சுக்க ஆள் வேணும்" என்றார்.

போனேன். அவர் முதலில் அத்தை முகத்தைத் துடைத்தார். பென்சிலால் சுற்றிலும் கதவுக்குக் கோடு போட்டார். அழித்தார். திரும்பப் போட்டார். முகத்தில் ரம்பம் படாமல் கோடு போகும்வரை விடவில்லை. ஆனால் விசிறி பிடித்த கை தப்பவில்லை. மணிக்கட்டில் ரம்பம் வைத்தபோது நிறுத்தினார். நான் கையை நீட்டினேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன் அக்கா. அந்த ஒரு சாண் நான் அறுத்தேன்.

மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்று பாட்டைச் சத்தமாக வைத்தார்.

பெசமினோ

*

ஆப்பியா
17 செப்டம்பர் 2010

தம்பி,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் பாய்க்குள் இருந்த இடம் வந்ததும், "போதும், மிச்சத்த நீயே படி" என்று வெளியே போய்விட்டாள்.

பலகை நேற்றுக் கப்பலேறியது. பின்னாலேயே லூபேயும் வருகிறாள். ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள். அதால் எல்லாரையும் குத்துகிறாள், பார்த்துக்கொள்.

அக்கா

*

வைதோலோ
1 அக்டோபர் 2010

அக்கா,

பலகை வந்தது. வாழ்க உங்கள் ஆபீஸ்! இரண்டு பிள்ளைகள் கைகோத்து ஓடும் படம், மஞ்சள், பளபளப்பு. நட்டவர்கள் கையில் ஒரு வரைபடம் வைத்திருந்தார்கள். நாடு இடது பக்கம் மாறுவதற்கு முன் போட்ட படமாம். அதில் எங்கே காட்டியிருக்கிறதோ அங்கேயே நட்டார்கள். ரோட்டின் வலது பக்கம், நாம் எல்லாரும் விட்டுவிட்டு வந்த பக்கம். கப்பலுக்குப் பறக்கிறவன் கண்ணில் படுவது ஈரப்பலா மரமும் பலகையின் ஒரு காதும்தான்.

"அண்ணே, இது தப்புப் பக்கம்" என்றேன்.

"படத்துல இப்படித்தான் இருக்கு தம்பி."

"படம் பழசு அண்ணே."

"பலகை புதுசுல்ல?" என்றுவிட்டு, அதே கப்பலைப் பிடிக்கப் பறந்துவிட்டார்கள்.

நான் பலகையை இன்னும் தொடவில்லை. இன்னும்.

சபை என் மிச்சத் தண்டனையை மாற்றியிருக்கிறது. களை போதுமாம். என் பள்ளிக்கூடத்திலும் பேசிவிட்டார்கள், கடைசி மணிக்கு முன்னால் என்னை விடுகிறார்கள். லோசா நிற்கும்போதெல்லாம் நானும் இன்னொருவனும் லாவாலாவா கட்டிக்கொண்டு சா நேரத்தில் நிற்பதுபோல ரோட்டில் நிற்க வேண்டும். சங்கு மட்டும் கிடையாது. "சங்கைத் தொட்டா உன் கைய வெட்டிருவேன்" என்று தலைவர் சொன்னபோது எனக்கு அத்தையின் மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. முந்தாநாள் ஒருவன் கப்பல் போய்விடும் என்று கத்தினான். "போகட்டும் சார், நாளைக்கும் வரும்" என்றேன். கெட்ட வார்த்தை சொன்னான். நல்ல வார்த்தை, எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று லூபே வந்தாள். துறைமுகத்திலிருந்து மாமாவே லோசாவில் கூட்டிவந்தார். வேறு யாரையும் ஏற்றவில்லை. முச்சந்தியில் நின்றார், இடது பக்கம், புல்லோரத்தில். நான் ரோட்டில் கையை விரித்து நின்றேன், வண்டி ஒன்றும் வராவிட்டாலும்.

கதவு மூடியிருக்கும்போது அத்தை முழுசாக இருக்கிறாள், மணிக்கட்டில் ஒரு கோடு மட்டும். திறந்தால் முகம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது, விசிறி மட்டும் பஸ்ஸிலேயே நின்றுவிடுகிறது. மாமா அதைப் பார்க்காமல் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லூபே படியில் நின்று ஊன்றுகோலால் கதவை ஒரு தட்டுத் தட்டினாள்.

"அத்த, கொஞ்சம் தள்ளிக்க. நான் எறங்கணும்."

மாமா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளை ஞாயிறுக்கு வந்துவிடு. பன்றி இல்லை, டின் மீன்தான். புல்லில் இறங்கு. இறங்கும்போது அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கு. சொல்லாமல் இறங்கினால் அவள் கோபித்துக்கொள்வாளாம், லூபே சொல்கிறாள்.

உன் தம்பி
பெசமினோ